நாம் வென்றோம், அவன் தோற்றான்

2015ஆம் ஆண்டு மே மாதக் கல்லூரி விடுமுறையில், அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த பெல்வியூவில் வசிக்கும் என் தம்பியின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். மழைக்குப் பெயர்போன அந்த ஊரில் நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி தன் அலுவலக நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் மதிய உணவுக்கு அழைத்திருந்தான். கொல்லைப்புறத்தில் கரியடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வீட்டு விலை, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிவந்த பேச்சு எப்படியோ அவர்கள் ஊர் அணி தோற்ற ஓர் ஆட்டத்துக்கு வந்துசேர்ந்தது. அதன்பின் இரண்டு மணி நேரம் வேறெதுவும் பேசப்படவில்லை. அவர்களுடைய வேகத்தைப் பார்த்து, ஆட்டம் முந்தைய நாள் நடந்தது என்றே எண்ணினேன். அது நடந்து ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகியிருந்தன என்று இரவு தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. மட்டைப்பந்தே எனக்கு அரைகுறைதான். ஆனால் அன்று நான் கேட்டது விளையாட்டைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஒரு தோல்வி நேர்ந்தபின் மனிதர்கள் அதை யார் தலையில் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்பதைப் பற்றிய பேச்சு அது. கதைகளையும் காப்பியங்களையும் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திக்கொண்டிருப்பவனுக்கு அதில் கருத்துச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து உருண்டையாக இருப்பதில்லை. பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. நூறு யார்டு நீளமுள்ள திடல், பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். முன்னேற இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாம். அல்லது ஒருவர் எறிய, முன்னே ஓடும் இன்னொருவர் பிடிக்கலாம். எறிபவரின் பெயர் குவார்ட்டர்பேக். அணியின் முகம் அவர்தான். வென்றால் மாலையும் தோற்றால் செருப்பும் முதலில் அவருக்கே.

ஆனால் ஓடுவதா எறிவதா என்பதை அவர் தாமாகத் தீர்மானிப்பது குறைவு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னதாக வகுத்துப் பழகிய திட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பொறுக்கிச் சொல்பவர் திடலுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர். 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சியாளரின் குரல் அதன்வழியே அவர் காதில் விழும். பந்தை ஆடத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடிகள் எஞ்சியிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் திடலில் நிற்பவர் தனியர்.

அமெரிக்க ரசிகர்களின் தீராத வழக்கு இந்த ஒலிபெருக்கிக்குள்தான் குடியிருக்கிறது. பிழை காதில் சொன்னவருடையதா, கையால் எறிந்தவருடையதா?

*

2015 பிப்ரவரி 1. அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல். 49ஆவது சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டம். சியாட்டில் சீஹாக்ஸ் அணியும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியும் மோதின. அமெரிக்காவில் மட்டும் 11 கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சியாட்டில் முந்தைய ஆண்டுதான் 43-8 என்ற கணக்கில் டென்வரைச் சிதறடித்துத் தன் முதல் கோப்பையை வென்றிருந்தது. இம்முறையும் மூன்றாம் கால்பகுதி முடிவில் 24-14 என்று முன்னணியில் நின்றது. ஆனால் நான்காம் கால்பகுதியில் நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி இரண்டு முறை பந்தை எல்லைக்குள் சேர்ப்பித்து 28-24 என்று ஆட்டத்தைத் திருப்பிவிட்டார். மீதி இரண்டு நிமிடங்கள்.

சியாட்டில் விரைந்து முன்னேறியது. ஜெர்மெய்ன் கெர்ஸ் என்பவர் மல்லாந்து விழுந்தபடி, தம் கால்களில் பட்டுத் துள்ளிய பந்தை அள்ளிப் பிடித்தார். 33 யார்டு முன்னேற்றம். எல்லைக்கு இன்னும் ஐந்தே யார்டு. அடுத்து, எதிரிகள் நால்வர் தொங்கினாலும் இழுத்துக்கொண்டு ஓடக்கூடியவர் என்று பெயர்பெற்ற மார்ஷான் லின்ச் நான்கு யார்டு ஓடினார். இப்போது எல்லைக்கு ஒரு யார்டு. கையில் இன்னும் மூன்று வாய்ப்புகள். பிடித்து வைத்த மூச்சோடு சியாட்டில் நகரம் லின்ச்சின் பெயரை உச்சரித்துக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் 26 நொடிகள் இருந்தபோது பந்து குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் கைக்கு வந்தது. அவர் அதை லின்ச்சிடம் கொடுக்கவில்லை, எறிந்தார். ரிக்கார்டோ லாக்கெட் பிடிக்கவேண்டிய பந்து. அவருக்கு முன் பாய்ந்து அதைப் பறித்துக்கொண்டவர் மால்கம் பட்லர் என்னும் எதிரணிப் புதுமுகம். எந்த அணியும் தேர்வுச் சுற்றில் சீந்தாதவர். அந்த ஆண்டுதான் அணியில் ஒட்டிக்கொண்டவர். அவருடைய தொழில்முறை ஆட்ட வாழ்வில் அவர் இடைமறித்த முதல் பந்து அதுவே. கோப்பை கைமாறியது.

கொல்லைப்புறத்து வழக்குமன்றத்தில் நான் கேட்ட தரப்புகளைத் தொகுத்துச் சொல்கிறேன். போயிங் நிறுவனத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர், குற்றம் முழுவதும் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரலுடையது என்றார். ஒரு யார்டு, லின்ச், மூன்று வாய்ப்புகள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. தம்பியின் அலுவலக நண்பர் ஒருவர் வில்சனைக் குற்றம்சாட்டினார். ஆளை எதிரி நெருங்குவது தெரிந்தால் பந்தைத் தாழ்த்தி எறிந்திருக்கலாம், அல்லது யாருக்கும் எட்டாத இடத்தில் வீசியிருக்கலாம் என்பது அவர் வாதம். மூன்றாமவர் தாக்குதல் பிரிவின் பயிற்சியாளர் டாரல் பெவல்தான் திட்டத்தைத் தேர்ந்தவர் என்றார். நான்காமவருக்கு லாக்கெட் மேல் கோபம். பந்துக்காக உயிரைக் கொடுத்துப் பாய்ந்திருக்க வேண்டாமா? ஐந்தாமவர் குரலைத் தாழ்த்தி ஒரு சதிக்கதையைச் சொன்னார். பத்திரிகையாளர்களிடம் பேச மறுத்து நிர்வாகத்துக்குத் தலைவலியாக இருந்த லின்ச் நாயகனாகிவிடக் கூடாது, நல்ல பிள்ளையான வில்சனே நாயகனாக வேண்டும் என்பதற்காகவே எறியச் சொன்னார்களாம். அந்நாளில் சியாட்டிலில் பரவலாக உலவிய வதந்தி இது. அதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

இத்தனை தரப்புகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. எல்லாருமே அந்த ஒரு நொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் கால்பகுதியில் பத்துப் புள்ளி முன்னணி எப்படிக் கரைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் நான்காம் கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்து வென்றதில்லை. சியாட்டிலின் தடுப்பாட்டக்காரர் ஜெரமி லேன் முதல் கால்பகுதியிலேயே கை முறிந்து வெளியேறினார். கிளிஃப் ஏவ்ரில் பின்னர் தலையில் அடிபட்டு வெளியேறினார். எஞ்சிய முன்னணித் தடுப்பாட்டக்காரர்களுள் மூவர் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்பகுதியில் பிரேடி எறிந்த 15 பந்துகளில் 13 உரியவர் கைக்குப் போய்ச்சேர்ந்தன. ஒரு தோல்வி அறுபது நிமிடங்களில் மெல்ல மெல்ல நெய்யப்படுகிறது. நாம் அறுந்த கடைசி இழையை மட்டும் பிடித்துக்கொண்டு அதுதான் துணி என்கிறோம்.

*

கூட்டத்தில் கேரலுக்காக வாதாடியவன் என் தம்பி ஒருவன்தான். அவனும் அந்த அணியின் வெறிகொண்ட ரசிகன். ஆட்டம் முடிந்த இரவு சாப்பிடாமல் படுத்தவன் என்று அவன் மனைவி சொன்னாள். ஆனாலும் அவன் ஒரு காகிதத்தட்டைக் கவிழ்த்து, பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினான். எனக்கு விளங்கிய அளவில் அதைத் தருகிறேன்.

26 நொடி, மூன்று வாய்ப்புகள், கடிகாரத்தை நிறுத்த ஒரே ஒரு டைம்அவுட். பந்தோடு ஓடுபவர் கோட்டுக்கு முன்னால் வீழ்த்தப்பட்டால் கடிகாரம் நிற்காது. எறிந்த பந்து எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே மூன்று முறையும் ஓடிப்பார்க்க நேரம் போதாது. மூன்றில் ஒன்றேனும் எறிதலாக இருந்தால்தான் மூன்றையும் பயன்படுத்திக்கொள்ள முடியும். முதலில் எறிவோம், பலித்தால் கோப்பை, பலிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும், டைம்அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த இரு முறையும் லின்ச்சை ஓடவிடுவோம். இதுதான் கேரலின் கணக்கு. நியூ இங்கிலாந்து ஓட்டத்தைத் தடுப்பதற்கென்றே பருத்த ஆட்டக்காரர்களைக் கோட்டருகே குவித்திருந்தது என்பதையும் அவர் பின்னர் காரணமாகச் சொன்னார்.

லின்ச் ஓடியிருந்தால் நிச்சயம் கடந்திருப்பார் என்பதும் ரசிகர்களின் நம்பிக்கையே. அந்தப் பருவத்தில் ஒரு யார்டு கோட்டிலிருந்து அவருக்குப் பந்து கொடுக்கப்பட்டது 5 முறை. எல்லையைக் கடந்தது ஒரே ஒரு முறை. மாறாக, அதே பருவத்தில் எல்லா அணிகளையும் சேர்த்து ஒரு யார்டு கோட்டிலிருந்து எறியப்பட்ட பந்துகளில் ஒன்றுகூட அதுவரை இடைமறிக்கப்பட்டதில்லை. கேரல் அஞ்சவேண்டியிருந்த விபத்து, அந்த ஆண்டில் யாருக்குமே நடந்திராத விபத்து.

எதிர்ப்பக்கத்தில் நின்றவரையும் பார்க்கவேண்டும். நியூ இங்கிலாந்தின் பயிற்சியாளர் பில் பெலிசெக் கையில் டைம்அவுட் இருந்தது. எதிரி எல்லையில் நிற்கிறான், நேரம் கரைகிறது. கடிகாரத்தை நிறுத்தித் தம் பிரேடிக்குச் சில நொடிகளையாவது மிச்சம் பிடிக்க வேண்டியதுதானே என்று பார்த்தவர்கள் பதறினார்கள். அவர் அசையவில்லை. பட்லர் பந்தைப் பறித்ததும் அந்த அசையாமை மேதைமை ஆயிற்று. லாக்கெட் பிடித்திருந்தால் அதே அசையாமை செயலின்மை ஆகியிருக்கும். கேரல் யாரும் எதிர்பாராததைச் செய்த மேதை ஆகியிருப்பார். ஒரே நிமிடத்தில் இரண்டு கிழவர்கள் எடுத்த இரண்டு முடிவுகள். ஒரு புதுமுகத்தின் பாய்ச்சல் ஒருவரை ஞானி என்றும் மற்றவரை மூடர் என்றும் முத்திரை குத்திவிட்டது. கேரல் 1999 வரை அதே நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்டவர் என்பதும், அவருடைய நாற்காலியில் வந்தமர்ந்தவரே பெலிசெக் என்பதும் காப்பியப் புலவன் கற்பனை செய்து சேர்த்தவை போலத் தோன்றும் உண்மைகள்.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் தொழில்முறையாக ஆடிவந்த ஆனி டியூக் 2018இல் ஒரு நூல் எழுதினார். அது கேரலின் இந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. விளைவைக் கொண்டு முடிவின் தரத்தை அளக்கும் பிழைக்குச் சீட்டாட்டக்காரர்கள் 'ரிசல்ட்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். தமிழில் 'விளைவளவை' எனலாமா? நல்ல முடிவு கெட்ட விளைவைத் தரலாம். கெட்ட முடிவு நல்ல விளைவைத் தரலாம். நடுவில் நிற்பது தற்செயல். வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'ஊழ்' என்று வேறோர் அதிகாரம் வைத்தார். இரண்டையும் ஒன்றாகக் குழைக்கவில்லை. ஆராய்ந்து செய்வது நம் கடமை. செய்ததற்குப்பின் நிகழ்வது முழுக்க நம் கையில் இல்லை. இந்தத் தெளிவைத்தான் ஒரு தோல்வி முதலில் பறித்துக்கொள்கிறது.

கேரலை நான் முற்றிலும் விடுவிக்கவில்லை. எறிவது என்ற முடிவு வேறு, எந்த எறிதல் என்ற முடிவு வேறு. கோட்டின் நடுப்பகுதியில், ஆட்கள் நெருக்கியடித்து நிற்குமிடத்தில், குறுக்கே ஓடிவருபவரை நோக்கி எறியும் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வில்சன் கால்வேகம் மிக்கவர். அவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டிருந்தால், ஆள் கிடைத்தால் எறியவும், வழி கிடைத்தால் தாமே ஓடவும், இரண்டும் இல்லையென்றால் பந்தை வெளியே வீசிவிடவும் வாய்ப்பு இருந்திருக்கும். இக்குறை நியாயமானது. லாக்கெட்டுக்கு வழிசெய்ய வேண்டிய கெர்ஸை, பிராண்டன் பிரவுனர் நகரவிடாமல் தடுத்துவிட்டார். பிரவுனர் முன்பு சியாட்டில் அணியிலேயே ஆடியவர். பட்லரோ பயிற்சியில் இதே திட்டத்திடம் ஏமாந்து, பாடம் கற்று வந்தவர். எதிரி நன்கறிந்த திட்டத்தை இறுதி நொடியில் எடுத்தார்களா என்று கேட்கலாம், கேட்கவேண்டும். இவை திறனாய்வின் கேள்விகள். 'முட்டாள்' என்பது திறனாய்வு அன்று.

அன்றிரவு செய்தியாளர்கள் முன் கேரல் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். வில்சனும் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார். சில நாள் கழித்து ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் கேரல், அது மிக மோசமான விளைவு என்று ஒப்புக்கொண்டார். முடிவு மோசமானது என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைப் பிடிவாதம் என்று பலர் எழுதினார்கள். பொறுப்பை ஏற்பதும் பிழையை ஏற்பதும் வேறுவேறு என்று அறிந்த ஒருவரின் நேர்மையாகவே அதைப் பார்க்கிறேன்.

*

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு என்று ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்கிறேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அன்று கொல்லைப்புறத்தில் அந்த ஒற்றைச் சொல் வருவதையும் மறைவதையும் கவனித்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு டென்வரை வீழ்த்தியதைப் பேசும்போது முதியவர் 'நாம்' என்றார். அவர்கள் பேச்சுத் தொனியை வைத்து, தமிழில் அது 'நாம்'தான், 'நாங்கள்' அன்று. விருந்தாளியான என்னையும் அந்த வெற்றிக்குள் இழுத்துக்கொண்டார். தோல்விக்கு வந்ததும் 'அவர்கள்' ஆயிற்று. இன்னும் சற்றுச் சூடேறியதும் 'அவன்' ஆயிற்று.

இது என் கற்பனை அன்று. உளவியலாளர் ராபர்ட் சியால்தினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டார்கள். அணி வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாம்' கூடுதலாக வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது அது குறைந்தது. பிறர் ஈட்டிய ஒளியில் குளிர்காய்வது என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

சியாட்டிலில் இது இன்னும் கூர்மையாகப் படுகிறது. ஏனென்றால் அவ்வணியின் ரசிகர்கள் தம்மைப் 'பன்னிரண்டாமவர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பதினொருவர் ஆடும் ஆட்டத்தில், அரங்கம் அதிரக் கூச்சலிட்டு எதிரணியைத் தடுமாறச் செய்யும் தாங்களும் ஓர் ஆட்டக்காரர் என்பது பொருள். 1984இல் அணி 12 என்ற எண்ணை ரசிகர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டது. எந்த ஆட்டக்காரரும் அதை அணிவதில்லை. அழகான மரபு. ஆனால் பன்னிரண்டாமவர் அணியில் ஒருவர் என்றால், ஒரு யார்டு கோட்டில் பந்து பறிபோனபோது அவர் எங்கே போனார்? வெற்றியில் பங்கு கேட்பவர் தோல்வியிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டாமா?

பழிகூறும் ரசிகரை நான் இகழவில்லை. நான்கு மாதங்களாக ஆறாத துக்கம் அது. 'தற்செயல்' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. அழுவதற்கு ஒரு முகம் வேண்டும். ஏசுவதற்கு ஒரு பெயர் வேண்டும். குவார்ட்டர்பேக்கும் பயிற்சியாளரும் அதற்கு வாய்ப்பான முகங்கள். கூட்டுத் தோல்வியை ஒருவன் தலையில் இறக்கிவைத்தால் மற்ற அனைவரின் தலையும் இலேசாகிவிடுகிறது. ஆனால் அந்த ஒருவனுக்கு என்ன ஆகிறது என்பதையும் நாம் பார்க்கத்தான் வேண்டும்.

*

இதை நான் அறிந்தது கால்பந்திலிருந்து அல்ல. 2011இல் எங்கள் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இன்னொரு மருத்துவரிடமும் கேட்டோம்; அவரும் அதையே சொன்னார். செய்யாவிட்டால் உள்ள ஆபத்தையும் செய்தால் உள்ள ஆபத்தையும் விளக்கினார்கள். அக்காவும் நானும் மருத்துவமனை வராந்தாவிலும், தம்பி சியாட்டிலில் தொலைபேசியிலுமாக ஓர் இரவு முழுக்கப் பேசினோம். அதிகக் கேள்விகள் கேட்டவன் தம்பி. புள்ளிவிவரங்களைத் தேடிப் படித்துச் சொன்னவனும் அவனே. விடியும்போது மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். யார்மீதும் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டுத் திவசத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. 'நாம் செய்யலாம் என்று முடிவெடுத்தோம்' என்பது 'தம்பி செய்யச் சொன்னான்' ஆயிற்று. பின்னர் 'அவன் அங்கே இருந்துகொண்டு அவசரப்படுத்தினான்' ஆயிற்று. உறவினர் கூடும் இடங்களில் அக்கா அப்படிச் சொல்லும்போது நான் மறுத்ததில்லை. மறுக்காததோடு, என் மனத்திலும் ஒரு மூலையில் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

விருந்தினர் போனபின் அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம், இந்தக் கேரலுக்காக நீ ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினாய் என்று கேட்டேன். அவன் நிமிராமலே, "அந்த நேரத்துல தெரிஞ்சத வச்சுத்தானேண்ணா முடிவெடுக்க முடியும்?" என்றான். அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று எனக்குப் புரிந்தது. சற்று நேரம் கழித்து, "நாம மூணு பேரும் சேந்துதான்டா முடிவெடுத்தோம்" என்றேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய சொற்கள். அவன் பதில் சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே போனான். ஊர் திரும்பியபின் அக்காவிடமும் சொன்னேன். எளிதாக இருக்கவில்லை.

*

சியாட்டில் கதை அதன் போக்கில் போயிற்று. பெவல் 2018இல் நீக்கப்பட்டார். வில்சன் 2022இல் டென்வர் அணிக்கு மாற்றப்பட்டார். கேரல் 2024 ஜனவரியில் சியாட்டிலின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து வெளியேறினார். பதினான்கு பருவங்கள் அவர் அங்கே இருந்தும், அந்த நகரத்துக்கு அதன் முதல் கோப்பையைத் தந்தும், அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு யார்டுதான்.

ஆனால் ரசிகர்கள் வேறுவிதமாகவும் இருக்கமுடியும் என்பதற்கு அதே ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. 1991 ஜனவரி 27இல் டாம்பாவில் நடந்த இறுதியாட்டம். பஃபலோ பில்ஸ் அணி 19-20 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. எஞ்சியது 8 நொடிகள். ஸ்காட் நார்வுட் என்பவர் 47 யார்டு தொலைவிலிருந்து பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைக்கவேண்டும். உதைத்தார். பந்து வலப்புறம் விலகிப் போயிற்று. கோப்பை போயிற்று. அந்த ஆட்டத்தின் 60 நிமிடங்களில் 40 நிமிடத்துக்கும் மேலாகப் பந்தை எதிரணியே வைத்திருந்தது என்பதை மறந்துவிட்டு, நார்வுட் தோற்றுவிட்டார் என்று நாடெங்கும் பேசினார்கள்.

மறுநாள் பஃபலோ நகரச் சதுக்கத்தில், தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்கப் பல்லாயிரம் பேர் குளிரில் கூடினார்கள். மேடையில் பின்னால் ஒதுங்கி நின்ற நார்வுட்டின் பெயரைச் சொல்லி, அவர்தான் வேண்டும் என்று கூட்டம் முழங்கத் தொடங்கியது. அவர் முன்னே வரும்வரை விடவில்லை. வந்தவர் கண் கலங்கி, தாம் இத்தனை அன்பை இதற்குமுன் உணர்ந்ததில்லை என்ற பொருள்படப் பேசினார். அந்த நகரம் அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து இறுதியாட்டத்தில் தோற்றது. ஆனால் அந்த ஒரு பிற்பகலுக்காகவே பஃபலோ ரசிகர்களை நான் மதிக்கிறேன். உதை குறி தவறவில்லை என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. குறி தவறியவனும் 'நாம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் தன்மைப் பன்மையை நடத்தும்போது ஓர் எடுத்துக்காட்டு கூடுதலாகச் சொல்கிறேன். ஒருவர் வென்றபின் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று பார்க்காதீர்கள். தோற்றபின் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள் என்று. மாணவர்கள் சிரிக்கிறார்கள். அது இலக்கணம்தானா என்று ஒரு பெண் கேட்டாள். தேர்வில் வராது என்றேன்.